கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள்

தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் என்று தகவல் வந்தால் எங்கள் தெருவில் இரண்டு காரியம் நடக்கும். வெளுத்த சட்டை வைத்திருப்பவர்கள் அதை எடுத்து மாட்டுவார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த ஆள் யார் என்று தேடுவார்கள். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த காலத்தில் அப்படித்தான் என்னையும் கூட்டிப்போனார்கள்.

ஊர்த்தெரு வழியாக பைக்கில் வந்த எங்கள் பையன்கள் இரண்டு பேரை மறித்து அடித்திருந்தார்கள். ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு டேசனுக்குப் போனோம். மனுவை வாங்கி மேசைக்குள் வைத்தார்கள். ரசீது இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை. நாலாம் நாள் ஏட்டு தெருவுக்கு வந்து, "உங்க பக்கம் பெரிய மனுசங்க அஞ்சு பேரு வாங்க. ரெண்டு பக்கமும் வச்சுப் பேசி முடிச்சிருவோம்" என்றார்.

அவர்களுக்கு நாற்காலி, நமக்குத் தரை என்று நான் எழுதினால் வாசிக்கிறவர்கள் உடனே நம்பிவிடுவீர்கள். அப்படி நடக்கவில்லை. எல்லாருக்கும் நாற்காலி, எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ. தாசில்தார் மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். 'இரு தரப்பினரும் இனி எந்தப் பிரச்சினையிலும் ஈடுபடாமல் அமைதி காப்போம் என உறுதி கூறுகிறோம்.' அடிச்சவன் ஒரு தரப்பு, அடி வாங்கி ஆஸ்பத்திரியில கெடக்கிறவன் ஒரு தரப்பா என்று கேட்டேன். "படிச்ச பையன், நீயே இப்படிப் பேசலாமா" என்றார்கள். எங்கள் பெரியப்பா என் தொடையில் கை வைத்து அழுத்தினார். கையெழுத்துப் போட்டேன். எங்கள் மனு அன்றோடு முடிந்தது. ரசீதே இல்லாத மனு முடிந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்காதீர்கள்.

ஒரு ஊரின் காவலைப் பற்றி அந்த ஊரின் எல்லாச் சாதியாரையும் கூப்பிட்டுக் கலந்து பேசுவது நல்ல காரியம்தானே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இந்தக் 'கலந்து பேசுதல்' நம் பகுதியில் எங்கிருந்து வந்தது, யாரை யார் எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால் பாதை முதுகுளத்தூரில் கொண்டுபோய் விட்டது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தென்மாவட்டங்களில் 'காவல்' என்பது போலீசுக்கு முந்திய சொல். ஊர்க்காவல் என்பது சில சாதிகளின் உரிமையாக இருந்தது. காவல்காரருக்கு ஊர் தானியம் அளக்கும். களவு போனால் அவர் ஈடுகட்ட வேண்டும். காணாமல் போன மாடு துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். வெள்ளைக்காரன் 1859ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் கொண்டுவந்தபோது இந்தக் காவலைக் குற்றம் என்றான். பிறகு 1911ன் குற்றப் பழங்குடிச் சட்டத்தைக் கொண்டு சாதி சாதியாகக் கைரேகை எடுத்தான். ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களை 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். ஆப்பநாட்டு மறவர்களும் இந்தச் சட்டத்தில் சிக்கினார்கள். சென்னை மாகாணத்தில் இது ஒழிந்தது 1947ல்தான். ஆக, இந்த மண்ணில் போலீஸ் எந்தச் சாதியையும் கேட்டுக்கொண்டு வந்ததில்லை. நம்மை ஒடுக்கியவர்களும் போலீசால் ஒடுக்கப்பட்டவர்கள்தான். இதை மறைத்துவிட்டு 1957ஐப் பேசினால் அது பாதி வரலாறு. ஆனால் இதையே சாக்காக வைத்து 1957ஐப் பேசாமல் விடுகிறவர்களும் உண்டு. அது பாதி வரலாறுகூட இல்லை.

1957 பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து வென்றார். சட்டமன்ற இடத்தை விட்டுக் கொடுத்தார். ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் ஜெயித்தார். ஓட்டு எண்ணி முடித்த கையோடு கலவரம் தொடங்கிவிட்டது. காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்று, இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைத்துக்கொள்ளும் பள்ளர் மக்களின் குடிசைகள் எரிந்தன. நாடார்களும் தாக்கப்பட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று தீ ஊர் ஊராகப் போனது. அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது. முதுகுளத்தூர் வட்டத்தின் ஒரு குடியானவன் மனுவோடு கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஜில்லாவையே தாண்டிப் போக வேண்டும்.

தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, செப்டம்பர் 10ஆம் தேதி, கலெக்டர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதான மாநாடு கூட்டினார். மறவர், நாடார், தேவேந்திரர் என்று சாதிக்குச் சாதி பிரதிநிதிகளைக் கூப்பிட்டார். முத்துராமலிங்கத் தேவர் வந்தார். தேவேந்திரர் தரப்பில் வந்தவர்களில் ஒருவர் இம்மானுவேல் சேகரன். 1924ல் செல்லூரில் பிறந்தவர், ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், காங்கிரஸ்காரர், வயது 32. கூட்டத்தில் வாக்குவாதம் நடந்தது. சமாதானமாக இருப்போம் என்று எல்லாரும் ஒரே தாளில் கூட்டாகக் கையெழுத்துப் போடுவது என்ற யோசனை நடக்கவில்லை. தனித்தனித் தாளில் போடுவது என்று முடிவானது.

இந்தத் தாள் விவகாரத்தைச் சின்ன விஷயம் என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது முடியவில்லை. ஒரே மேசையில் உட்காருவதை அதிகாரி உத்தரவு போட்டு நடத்திவிடலாம். ஒரே தாளில் பேர் வருவது வேறு. பெரிய தலைவர் பேருக்குக் கீழே, அல்லது பக்கத்தில், ஒரு பள்ளக்குடிப் பையன் பேர். அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், கலெக்டருக்கும் தெரியும். தெரிந்துதான் தாளை இரண்டாக்கினார்கள்.

மறுநாள் செப்டம்பர் 11, பாரதி நினைவு நாள். அதற்கான கூட்டத்துக்குப் போய்விட்டு இரவு பரமக்குடிக்குத் திரும்பிய இம்மானுவேல் சேகரன் பஸ் நிலையம் பக்கத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். முந்தின நாள் கூட்டத்தில் சரிக்குச் சரி பேசியதுதான் காரணம் என்பது அரசுத் தரப்பு வழக்கு. முத்துராமலிங்கத் தேவரை முதல் எதிரியாகச் சேர்த்தார்கள். 1959ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுதலை செய்தது. தீர்ப்பு அது. நான் இங்கே கேட்பது தீர்ப்புக்கு வெளியே உள்ள ஒரு கேள்வி. ஒரு கலெக்டர் பகிரங்கமாகக் கூப்பிட்டு உட்கார வைத்த ஆள். இரண்டு மாதமாகப் பற்றி எரிகிற தாலுகா. அந்த ஆள் மறுநாள் ராத்திரி பஸ் நிலையத்தில் நிற்கும்போது கூட ஒரு போலீஸ்காரர்கூட ஏன் இல்லை? கூட்டத்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு, கூப்பிடப்பட்டவனின் உயிர் தங்கள் பொறுப்பு என்று தோன்றவில்லை. உறுதிமொழி கேட்டது சாதித் தலைவர்களிடம். போலீசிடம் உறுதிமொழி கேட்கலாம் என்ற நினைப்பே அந்த மாநாட்டுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 14ல், போலீஸ் கீழத்தூவலுக்குப் போனது. மறவர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. தாக்க வந்தார்கள், சுட்டோம் என்றது போலீஸ். கண்ணைக் கட்டிக் கண்மாய்க்குக் கூட்டிப்போய்ச் சுட்டார்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள். தலித் பத்திரிகையில் இதை ஏன் எழுதுகிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றாத போலீஸ், பிறகு பழிக்குச் சுடுகிற போலீசாகத்தான் இருக்கும். அந்த ஐந்து பேரின் சாவால் இம்மானுவேலுக்கு நியாயம் கிடைக்கவில்லை. சட்டசபையிலும் மேடைகளிலும் கீழத்தூவல் பெரிய பேச்சானது. அந்தச் சத்தத்தில் எரிந்த குடிசைகளும் குடிசைக்குள் எரிந்தவர்களும் கணக்கு வழக்காக மட்டும் மிஞ்சினார்கள்.

1957க்குப் பிறகு நிர்வாகம் என்ன பாடம் படித்தது? சமாதானக் கூட்டத்தை ஒரு வழக்கமாக ஆக்கிக்கொண்டது. கூடவே ஒரு சட்டப்பிரிவும் இருக்கிறது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, இப்போது புதுச் சட்டத்தில் 126. ரெண்டு பக்கமும் இருபது இருபது பேர் மேல் போட்டு, ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி, அமைதி காப்போம் என்று பிணை வாங்குவார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். இதற்குப் பேர் நடுநிலை.

ஆபீசுக்குப் போகிற பாதையும் நமக்குப் பத்திரமாக இருந்ததில்லை. 1997 ஜூன் 30ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்றவர்களும் வெட்டப்பட்டது மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது. 1999 ஜூலை 23ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாக வந்தவர்கள் திருநெல்வேலி கலெக்டரிடம் மனு கொடுக்கத்தான் வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் தள்ளப்பட்டு 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் உண்டு.

இதற்கு நடுவில் ராமநாதபுரத்திலேயே இன்னொரு முயற்சி நடந்தது. 1993ல் அங்கே எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'போலீஸ் நண்பர்கள் குழு'வைத் தொடங்கினார். பொதுமக்களும் போலீசும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டால் பகை குறையும் என்பது அதன் யோசனை. பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது, வெளிநாட்டுப் பரிசும் வாங்கியது. யோசனையில் எனக்குச் சண்டை இல்லை. நண்பனை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சண்டை. டேசன்தான் தேர்ந்தெடுக்கும். டேசனுக்கு ஏற்கெனவே நண்பனாக இருப்பவன்தான் நண்பர் குழுவிலும் வருவான். எங்கள் ஊரில் தொப்பியும் பனியனும் போட்டுத் திருவிழாவுக்குக் கயிறு பிடித்தவர்களில் எங்கள் தெரு ஆள் ஒருத்தர்கூட இல்லை. கயிறுக்கு எந்தப் பக்கம் நாங்கள் நின்றோம் என்பது தெரிந்ததுதானே. 2020 ஜூனில் சாத்தான்குளம் டேசனில் அடிபட்டு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் செத்தபோது, அடித்தவர்களோடு நண்பர் குழு ஆட்களும் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு வந்தது. ஜூலையில் அரசு அந்தக் குழுவையே தடை செய்தது. 27 வருசக் கதை ஒரே உத்தரவில் முடிந்தது.

வெளியூரிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. லண்டனில் பிரிக்ஸ்டன் என்று ஒரு பகுதி, கறுப்பின மக்கள் நிறைய வாழும் இடம். 1981 ஏப்ரலில் அங்கே போலீஸ் சாதா உடுப்பில் இறங்கி, சில நாட்களுக்குள் 943 பேரை நிறுத்திச் சோதனை போட்டது. பாதிக்கு மேல் கறுப்பர்கள். அந்தப் பகுதி மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிக்ஸ்டன் எரிந்தது. விசாரித்த நீதிபதி ஸ்கார்மன், மக்களைக் கலந்து பேசாமல் இப்படிச் செய்தது தவறு, கலந்து பேசுவதைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்றார். 1984ன் போலீஸ் சட்டத்தில் அது ஒரு பிரிவாகவே வந்தது. வட்டாரத்து மக்களின் கருத்தைப் பெற ஏற்பாடு இருக்க வேண்டும் என்று. சரி, அதோடு தீர்ந்ததா? 1993ல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞனை வெள்ளை இளைஞர்கள் பஸ் நிறுத்தத்தில் குத்திக் கொன்றார்கள். போலீஸ் விசாரணையைக் குட்டிச்சுவராக்கியது. 1999ல் வந்த மேக்பெர்சன் அறிக்கை போலீஸ் என்ற நிறுவனத்துக்குள்ளேயே இனவெறி இருக்கிறது என்று எழுதியது. ஆறு வருசம் அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் விடாமல் நின்றதால்தான் அவ்வளவும் வெளியே வந்தது. கமிட்டிகளால் அல்ல.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விளக்கம். எது இனவெறிச் சம்பவம்? பாதிக்கப்பட்டவரோ வேறு யாராவதோ அதை இனவெறிச் சம்பவம் என்று கருதினால் அது இனவெறிச் சம்பவம். அப்படியே பதிவு செய்ய வேண்டும், நிரூபணம் பிறகு. நம் டேசன்களில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சாதி சொல்லி அடித்தான் என்று எழுதிக் கொடுத்தால் 'முன்விரோதம்' என்று எழுதுவார்கள். 'குடிபோதையில் வாய்த்தகராறு' என்று எழுதுவார்கள். அடிபட்டவன் வாயில் இருந்து சாதியை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பதிவார்கள்.

நமக்கும் சட்டத்தில் ஒரு மேசை இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அந்தத் தாலுகா ஆபீஸ் கூட்டத்தின்போது தெரியாது. 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995ல் விதிகள் வந்தன. 17ஆம் விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. கலெக்டர் தலைவர். எஸ்.பி. உறுப்பினர். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உறுப்பினர்கள். அரசு அதிகாரி அல்லாத தலித், பழங்குடி உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். சட்டம் எப்படி அமலாகிறது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, அதிகாரிகள் தங்கள் வேலையைச் செய்தார்களா என்று பார்க்க வேண்டும். 16ஆம் விதிப்படி மாநில அளவில் முதலமைச்சரே தலைவர், வருசத்துக்கு இரண்டு கூட்டம்.

சமாதானக் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அங்கே நாம் தரப்பு. இங்கே உறுப்பினர். அங்கே 'உங்க ஆளுகளை அடக்கி வைங்க' என்று எஸ்.ஐ. நம்மிடம் சொல்வார். இங்கே 'இந்த வழக்கில் ஏன் இன்னும் குற்றப்பத்திரிகை போடவில்லை' என்று நாம் எஸ்.பி.யிடம் கேட்கலாம். 1957ல் இம்மானுவேல் சேகரனுக்குக் கிடைக்காத இடம் அது. போலீசைக் கேள்வி கேட்பதற்கென்றே போட்ட நாற்காலி.

2015ல் சட்டத்தைத் திருத்தியபோது 4ஆம் பிரிவில், புகாரைப் பதிவு செய்வதும், எழுதியதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்டுவதும் அதிகாரியின் கடமை, வேண்டுமென்றே தவறினால் தண்டனை என்று சேர்த்தார்கள். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் பூர்வாங்க விசாரணை வேண்டும் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, அதே வருசம் நாடாளுமன்றம் 18அ பிரிவைப் போட்டு நீக்கியது. இதற்கெல்லாம் சாலையில் இறங்கியவர்கள் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, எஃப்.ஐ.ஆர். போடாமல் நாலு நாள் கழித்துச் சமாதானத்துக்குக் கூப்பிடுவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பெரியப்பா என் தொடையை அழுத்தியபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். போட்டிருப்பேனோ என்னவோ. ஊரில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் பெரியம்மாவும் சித்தியும். ரோடும் அவர்கள் தெரு வழியாகத்தான் போகிறது.

பரமக்குடியில் மட்டும் பேச்சு வேறு மாதிரி. 2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் நினைவு நாளில், அஞ்சலிக்கு வந்த கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் போலீஸ் பக்கம் நியாயம் சொன்னது. அதன்பின் ஒவ்வொரு வருசமும் செப்டம்பர் வந்தால் ஆலோசனைக் கூட்டம் போடுகிறார்கள். எந்த ஊர் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வழியில், வாடகை வண்டி கூடாது, சொந்த வண்டிக்கு அனுமதிச் சீட்டு. இவற்றை வாசித்துக் காட்டுவதற்குப் பேர் ஆலோசனை. சமாதான மாநாட்டுக்கு வந்து மறுநாள் செத்த மனிதனின் நினைவிடத்துக்குப் போவதற்கும் ஒரு சமாதானக் கூட்டம்.

போன வருசம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகல் வேண்டும். எங்கள் மாவட்டத்தின் 17ஆம் விதிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு, பாதுகாப்புக் காலம் முடிந்து கோப்பு அழிக்கப்பட்டது என்று பதில். கை முறிந்த பையன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான், ஒரு பிள்ளைக்கு அப்பன். அவனிடம் சொன்னேன். "எரிச்சுட்டாங்களாண்ணே? நல்லதுதான். அதுல ஒங்க பேரும்ல இருந்துச்சு" என்றான். கிண்டலா, ஆறுதலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பட்டியல் வந்தது. அதில் ஒருவர் பக்கத்துத் தாலுகாக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார். தேடிப் போய்ப் பார்த்தேன். "கூப்பிட்டா போறேன் தம்பி. போன தடவ கூட்டம் முடிஞ்ச மறுநாத்தான் கடுதாசி கைக்கு வந்துச்சு" என்றார். போனால் டீ கொடுப்பார்கள், வாசிப்பார்கள், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவுதானாம். கேள்வி கேட்கலாம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. 17ஆம் விதியைத் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, கடைசிக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, அடுத்தது எப்போது, இந்த மூன்று மாதத்தில் எந்த டேசனில் எத்தனை மனு எஃப்.ஐ.ஆர். ஆகாமல் கிடக்கிறது என்று கேட்டு கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவரே தன் கையால் எழுதினார். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருக்கிறோம். அட்டை திரும்பி வந்துவிட்டது, சீல் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.